அந்த உருளும் ‘ர’: 1975 கிரைஸ்லர் கோர்டோபாவுடன் 14 ஆண்டுகள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பரில் ஒஹாயோவில் ஒரு குடும்பத்திடம் இந்த வண்டியை வாங்கினேன். அப்போது மீட்டரில் 61,000 மைல். அதற்குப் பிறகு நான் ஓட்டியது 23,000 மைல், அதாவது சுமார் 37,000 கிலோமீட்டர். எஞ்சின் 318 கன அங்குல வி8. லிட்டர் கணக்கில் 5.2. ஊருக்குள் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுக்கும். நெடுஞ்சாலையில் 6-ஐத் தாண்டினால் அது நல்ல நாள். நவம்பர் பிறந்தால் கராஜுக்குள் போய்விடும், ஏப்ரல் கடைசியில்தான் வெளியே வரும். மிச்சிகனில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு அப்படி இரும்பைத் தின்னும்.

இந்த எண்களைப் பார்த்து யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். நான் வாங்கியது ஒரு டிவி விளம்பரத்துக்காக.

1976 ஆகஸ்டில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்க டெட்ராய்ட் வந்தேன். மூன்று பேர் சேர்ந்து ஓர் அபார்ட்மென்ட். முன்பு இருந்தவர் விட்டுப்போன கறுப்பு வெள்ளை டிவி ஒன்று அங்கே கிடந்தது. அந்த முதல் குளிர்காலம் கடுமையானது. வகுப்பு முடிந்தால் போக்கிடம் கிடையாது, டிவிதான். வெளியே வாய் திறந்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். என் ‘ர’ நாக்கு நுனியில் உருண்டு வரும். இந்த ஊர்க்காரர்களின் ‘ர’ நாக்கைச் சுருட்டித் தொண்டைப் பக்கமே நின்றுவிடும். கடையில் ஒரு ‘பிரெட்’ வாங்குவதற்குள் முகம் சூடாகிவிடும்.

அப்போதுதான் கோர்டோபாவின் டிவி விளம்பரத்தில் ரிக்கார்டோ மோண்டல்பானைக் கேட்டேன். மெக்சிகோ நகரில் பிறந்த நடிகர். அவசரமே இல்லாமல் பேசுவார். அவர் ‘ர’ உருளும். ‘கொரிந்தியன்’ என்ற சொல்லில் அந்த ‘ரி’யை அப்படியே நாக்கில் வைத்துச் சுவைத்துத்தான் அடுத்த எழுத்துக்குப் போவார். மெத்தென்ற கொரிந்தியத் தோல் இருக்கை என்று அவர் சொல்லும்போது, அறைத் தோழர்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். இந்த நாட்டின் சொகுசை விற்க, இந்த நாட்டு நாக்கில் பிறக்காத ஒரு குரலை வைத்திருந்தார்கள். அதைத் திருத்தவும் இல்லை, மறைக்கவும் இல்லை. மறுநாள் கடையில் நான் ‘பிரெட்’ என்று என் ‘ர’விலேயே கேட்டேன்.

கார் விளம்பரங்கள் அன்று எல்லாமே ஒரு கதைதான். மெர்குரி மார்க்விஸ் விளம்பரம் ஒன்றில், ஓடும் வண்டியின் பின் இருக்கையில் உட்கார்ந்து ஒருவர் வைரம் வெட்டுவார். கரடுமுரடான சாலையில் போயும் அவர் கை பிசகாது. மெர்குரி கூகர் என்றால் கூகர் என்ற அமெரிக்கக் காட்டு விலங்கே உயிரோடு வந்து உறுமும். லிங்கன் மார்க் IV-இல் 1976 முதல் கார்ட்டியர், ஜிவான்ஷி, புச்சி, பில் பிளாஸ் என்று நகை, உடை உலகத்துப் பெயர்களில் தனித்தனிப் பதிப்புகளே வந்தன. இதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது என்பது என் எண்ணம். 1973 எண்ணெய் நெருக்கடி. 1974 முதல் நாடு முழுக்க மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம். 1975-இல் புகைக் குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. என் வண்டியின் 5.2 லிட்டர் எஞ்சினுக்கே 150 குதிரைத்திறன்தான். இன்று இரண்டு லிட்டர் எஞ்சின் அதைச் சாதாரணமாகக் கொடுக்கும். வேகத்தையும் பலத்தையும் பேச முடியாத காலம் அது. அதனால் இருக்கையைப் பேசினார்கள், கடிகாரத்தைப் பேசினார்கள், அமைதியைப் பேசினார்கள்.

கோர்டோபாவை ‘சின்ன கிரைஸ்லர்’ என்றே விளம்பரம் செய்தார்கள். அதன் நீளம் 215 அங்குலம், கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர்! அத்தனை நீளத்துக்கும் இரண்டே கதவு. ஒவ்வொரு கதவும் ஒரு கட்டில் பலகை அளவு. இங்குள்ள கடை பார்க்கிங்கில் பக்கத்தில் ஒரு வண்டி நின்றால் பாதிக் கதவுதான் திறக்கும், உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். “இதுல ஏறி இறங்கணும்னா பக்கத்துல ஒரு மைதானம் வேணுங்க” என்று என் மனைவி முதல் நாளே சொன்னார். வாங்க நினைப்பவர்கள் உங்கள் கராஜை அளந்து பார்த்துவிட்டுப் போங்கள். எங்கள் கராஜின் பின்சுவர் அலமாரியைக் கழற்றிய பிறகுதான் கதவு மூடியது.

இனி அந்தத் தோல். கொரிந்த் என்ற கிரேக்க நகருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பொஸெல் என்ற விளம்பர நிறுவனம் உண்டாக்கிய சொல் அது. தோலின் பெரும்பகுதி வந்தது நியூஜெர்சியின் நுவார்க் பக்கத்திலிருந்து. பின்னாளில் டேவிட் லெட்டர்மேனின் டிவி பேட்டி நிகழ்ச்சியில் கேட்டபோது, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது என்று மோண்டல்பானே சொல்லிவிட்டார். கூடுதல் பணம் கட்டியவர்களுக்குத்தான் அந்த இருக்கை கிடைத்தது. அதிலும் உடம்பு படும் இடத்தில்தான் தோல். ஓரங்களும் பின்புறமும் வினைல், அதாவது தோல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்.

இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். ஆனாலும் 14 வருடம் இந்த இருக்கையில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன்: தோல் நல்ல தோல். கருஞ்சிவப்பு. கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்ததால் அந்த நிறம் எனக்கு 2011-இல்தான் தெரிந்தது. கிட்டத்தில் பார்த்தால் மாட்டின் கழுத்து மடிப்புகள் மெல்லிய கோடுகளாக இன்னும் இருக்கின்றன. ஏப்ரலில் முதல் தடவை கதவைத் திறக்கும்போது வரும் மணம், பழைய செருப்புக் கடையின் மணம். வினைல் ஓரங்கள் வருடத்துக்கு வருடம் விறைத்துக்கொண்டே வந்து, ஒரு ஜனவரிக் குளிரில் ஒரு பக்கம் பிளந்தேவிட்டது. தோலோ இளகிக்கொண்டே வருகிறது. வருடத்துக்கு இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, தோல் கிரீமை விரலால் தேய்க்கிறேன். துணியால் தேய்த்தால் மடிப்புகளுக்குள் போகாது. ஓட்டுநர் இருக்கையின் இடது ஓரம் மட்டும் ஏறி இறங்கித் தேய்ந்து, நிறம் போய் நார் தெரிகிறது.

ஓட்டும் அனுபவத்தைச் சொல்வதற்கு முன் கிளப்புவதைச் சொல்ல வேண்டும். ஆக்ஸிலேட்டரை ஒரு முறை முழுக்க மிதித்து விட்டால்தான் சோக் மூடும். பிறகு சாவி. அந்தக் காலத்து கிரைஸ்லர் ஸ்டார்ட்டருக்குள் சின்னப் பல்சக்கரம் ஒன்று உண்டு. அதனால் ஒரு தனிக் கீச்சொலி வரும். ‘ஹைலண்ட் பார்க் தேன்சிட்டு’ என்று இங்கே அதற்குச் செல்லப்பெயர். ஹைலண்ட் பார்க் என்பது அன்று கிரைஸ்லர் தலைமையகம் இருந்த ஊர். டெட்ராய்ட் நகரத்தின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் தனி ஊர். வண்டி பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் விண்ட்சரில். ஆற்றங்கரைப் பூங்காவில் நிறுத்தினால் இது பிறந்த ஊர் எதிரே தெரியும்.

ஸ்டீயரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் சக்கரத்தின் கீழ் என்ன நடக்கிறது என்று கைக்கு ஒன்றும் தெரியாது. வளைவில் கவனம் வேண்டும், உடம்பு ஒரு பக்கம் சாயும். பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்; முன்னே போகும் வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி விட்டுப் பழகிக்கொண்டேன். 55 மைலில் போகும்போதுதான் இதன் உண்மையான குணம் தெரிகிறது. மிச்சிகன் சாலையின் குழிகளை இது படகு அலையைக் கடப்பது மாதிரி கடக்கும். பக்கத்தில் இருப்பவர் மெதுவாகப் பேசினாலும் கேட்கும். விளம்பரத்தில் சொன்னதில் இந்த ஒன்று முழு உண்மை.

பராமரிப்பில் இரண்டு பாடம் படித்தேன். முதலாவது, ஸ்பார்க் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பேலஸ்ட் ரெசிஸ்டர். எஞ்சின் அறைச் சுவரில் திருகியிருக்கும் விரல் நீள வெள்ளைப் பீங்கான் கட்டி. ஊர் பேர் தெரியாத ஒரு மலிவுச் சரக்கை வாங்கிப் போட்டிருந்தேன். டெட்ராய்ட்டின் பெரிய சாலையான உட்வர்ட் அவென்யூவில் ஒரு ஆகஸ்ட் மாலை, சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டால் அணைகிறது. அன்று இழுவை வண்டியில்தான் வீடு வந்தேன். இப்போது கையுறைப் பெட்டியில் நல்லதாக இரண்டு கிடக்கின்றன. மாற்றப் பத்து நிமிடம் போதும். எஞ்சின் சம்பந்தமான உதிரிகளுக்குப் பஞ்சமில்லை. இதே 318 பல ஆண்டுகள் டாட்ஜ் டிரக்குகளிலும் ஓடியது.

இரண்டாவது பாடம் கூரை. கூரைமேல் ஒட்டும் வினைல் அந்தக் காலத்து அழகு. அதற்கு அடியில் ஈரம் போனால் வெளியே வராது. எனக்கு முன்பு யாரோ ஒரு பட்டறைக்காரர் துருவைச் சுரண்டாமலே புது வினைலை ஒட்டியிருந்தார். 2015-இல் பின்கண்ணாடி ஓரம் குமிழ் விட்டது. பிரித்துப் பார்த்தால் தகடு சல்லடை. வண்டி விலையில் பாதி அந்தக் கூரைக்குப் போயிற்று. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் வினைல் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று சத்தம் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

1995-இல் தொடங்கிய ‘உட்வர்ட் டிரீம் குரூஸ்’ ஆகஸ்டு மூன்றாவது சனிக்கிழமை நடக்கும். பழைய வண்டிகள் அந்தச் சாலை முழுக்க மெதுவாக ஊர்ந்து போகும். 8.2 லிட்டர் எஞ்சின் வைத்த கேடிலாக் எல்டராடோ பக்கத்தில் நின்றால் என் வண்டி உண்மையிலேயே சின்னதுதான். நடைபாதையில் நாற்காலி போட்டிருக்கும் என் வயதுக்காரர்கள் இதைப் பார்த்ததும் சொல்வது ஒன்றுதான்: ‘கோர்டோபா’ என்று, நடு எழுத்தை இழுத்து, ‘ர’வை உருட்டி. ஸ்பானிய நகரத்தின் பெயரில் அழுத்தம் முதல் அசையில் வரும். விளம்பரத்தில் நடுவில் வந்தது. அந்த விளம்பரத்து உச்சரிப்புதான் எல்லோர் நாக்கிலும் நின்றிருக்கிறது. பிறந்தது முதல் டெட்ராய்ட்டிலேயே இருப்பவர்கள், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் என் ‘ர’வைப் பேசுகிறார்கள்.

2009 ஜனவரியில் மோண்டல்பான் இறந்த செய்தி வந்த வாரத்தில்தான் தேட ஆரம்பித்தேன். நல்ல நிலையில் தோல் இருக்கையோடு ஒன்று கிடைக்க இரண்டரை வருடம் ஆனது. வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று, பழைய அறைத் தோழர்களில் ஒருவரைக் கூப்பிட்டேன். ஃபோனை ஜன்னல் பக்கம் பிடித்து சாவியைத் திருப்பினேன். தேன்சிட்டு கத்தியது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “டேய், தோலா வினைலாடா?” என்றான்.

இந்த வசந்தத்தில் ஓட்டுநர் இருக்கையின் அந்த இடது ஓரத்துக்குச் சாயம் ஏற்றக் கொடுத்திருக்கிறேன். முழு இருக்கைக்கும் புதுத் தோல் போடலாம் என்றார் தையல்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.