ரயில் வராத ஸ்டேஷன் – டெட்ராய்ட் மிச்சிகன் சென்ட்ரல் போய்ட்டு வந்தோம்

ஊர்லேர்ந்து அப்பா வந்திருக்கார், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டயர் ஆன ஆளு, நயாகராவ விட இதுதான் அவருக்குப் புடிக்கும்னு போன சனிக்கிழமை கூட்டிட்டுப் போனேன். பார்க்கிங் கொஞ்சம் தள்ளித்தான் கெடச்சுது, வயசானவங்கள வாசல்லயே எறக்கி விட்டுட்டு போயிருங்க.

நான் வேலைக்கு வந்த புதுசுல இதே கட்டடத்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்திருக்கேன். 18 மாடி, ஒடைஞ்ச ஜன்னல் வழியா அந்தப் பக்கத்து வானம் தெரியும், பேய் பங்களா கெட்டுது போங்க. 1913ல தொறந்த ஸ்டேஷன், 1988 ஜனவரில கடைசி ரயில் போனதோட பூட்டிட்டாங்க. அப்புறம் 30 வருஷம் செம்பு, கம்பி, விளக்குன்னு கழட்ட முடிஞ்சதெல்லாம் போச்சு, பேஸ்மென்ட் பூரா தண்ணி. 2009ல நகர சபையே இடிச்சிரலாம்னு தீர்மானம் போட்டுச்சு. நல்லவேளை அது நடக்கல. 2018ல ஃபோர்டு வாங்கி ஆறு வருஷம் வேலை பாத்து 2024 ஜூன்ல தொறந்தாங்க, சுத்தி இருக்கற கேம்பஸும் சேத்து 95 கோடி டாலர் கிட்ட.

உள்ள போனா மேல பாருங்க, அதுக்குத்தான் வரணும். பழைய வெயிட்டிங் ஹால் வளைவுக் கூரைல 29,000 ஓடு இருக்கு, அதுல 1,300 சொச்சம் மட்டும்தான் மாத்தினாங்களாம். எது புதுசு எது பழசுன்னு கண்டுபுடிக்கறேன்னு அப்பா பத்து நிமிஷம் கழுத்த நிமித்திட்டு நின்னார், தோத்துட்டார். வெளிப்பக்கத்துக்கு, எப்பவோ மூடின இந்தியானா குவாரிலேர்ந்து அதே சுண்ணாம்புக்கல்ல வெட்டிக் கொண்டாந்திருக்காங்க. கிராஃபிட்டியக் கூட அங்கங்க அழிக்காம விட்டிருக்காங்க, இது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

இன்னொண்ணு, கடிகாரம். பல வருஷம் முன்ன காணாமப் போன ஸ்டேஷன் கடிகாரத்த, ஃபோர்டு வாங்கின சேதி வந்ததும் யாரோ போன் பண்ணி இன்ன எடத்துல சாத்தி வெச்சிருக்கேன், எடுத்துக்கோங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்களாம். பேர் சொல்லல. இத்தன வருஷம் பத்திரமா வெச்சிருந்த அந்தத் திருடருக்கு (திருடர்னு சொல்லலாமான்னே தெரியல) ஒரு கும்பிடு.

ஆனா ஒரு விஷயம். இந்தப் பணம் ஸ்டேஷன் இருக்கற கார்க்டவுன் ஏரியாவத் தாண்டி எவ்ளோ தூரம் போகும்னு தெரியல, பத்து நிமிஷம் கார் ஓட்டினா பலகை அடிச்ச வீடும் புல்லு மண்டின மனையும் இப்பவும் இருக்கு. அங்க வேற கணக்கு, உங்க வீட்ட ஒட்டின காலி மனைய லேண்ட் பேங்க்ல (கைவிட்ட வீடு, மனையெல்லாம் விக்கற அரசு அமைப்பு) 100 டாலருக்கு வாங்கிக்கலாம், எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அப்படி வாங்கி தக்காளி போட்டிருக்கார். எனக்கென்னவோ ஊரு நெஜமா திரும்பறது அந்தத் தக்காளிச் செடிலதான்னு தோணுது, ஸ்டேஷன் கண்ணுக்கு விருந்து அவ்ளோதான்.

5க்கு 4. அந்த ஒண்ண அப்பாதான் கொறச்சார். சுத்திப் பாத்து முடிச்சதும் அங்க நின்ன செக்யூரிட்டிகிட்ட போய் ரயில் எத்தன மணிக்குன்னு கேட்டார், அவர் சிரிச்சுட்டு இப்ப ரயில் நிக்கறதில்ல சார்னார். "பின்ன என்னத்துக்குடா இதுக்கு ஸ்டேஷன்னு பேரு"ன்னு கார்ல ஏறி வீடு வர்ற வரைக்கும் கேட்டுட்டே வந்தார்.