நடுநிலையாக்கல் வெப்பத்தை எதில் அளப்பது: கண்ணாடியா, செம்பா, ரெஜிபோமா?

வன்னமிலமும் வன்காரமும் சேரும்போது வெளிவரும் வெப்பம் மூலுக்கு ஏறத்தாழ 57 கிலோயூல். உயர்தர ஆய்வுகூடத்தில் அது 48 என்று வந்தால் சந்தேகம் நேரே அமிலத்தின் செறிவில்தான் விழும். பெரும்பாலும் குற்றம் பாத்திரத்தில். கண்ணாடி முகவை, செம்புக் கலோரிமானி (வெப்பம் அளக்கும் பாத்திரம்), ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) கோப்பை மூன்றிலும் நான் எடுப்பது ரெஜிபோமை.

விலை, உடைதல் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. முகவை எல்லா ஆய்வுகூடத்திலும் உண்டு. செம்பு விலை கூடியது. ரெஜிபோம் பாரமில்லாததால் வெப்பமானியைச் செருகினாலே சரியும், ஆகவே அதை ஒரு முகவைக்குள் இறக்கி வைக்க வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது பாத்திரம் தனக்கென எடுத்துக்கொள்ளும் வெப்பம்தான். 1 மோலார் ஐதரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலீற்றர், அதே செறிவில் சோடியம் ஐதரொட்சைட்டு 50 மில்லிலீற்றர் என்று வைப்போம். வெளிவருவது 2,850 யூல் அளவு. 100 கிராம் கரைசல் ஒரு பாகை ஏற 418 யூல் வேண்டும், ஆக வெப்பநிலை 6.8 பாகை ஏற வேண்டும். 250 மில்லிலீற்றர் முகவை 100 கிராம் வரை இருக்கும்; அது முழுதாகச் சூடேறினால் பாகைக்கு 84 யூல் அதற்கே போய்விடும். வெப்பமானி 5.7 பாகைதான் காட்டும், கணக்கில் விடை 47.6 கிலோயூலாக இறங்கும். சரி, அந்த 84ஐக் கணக்கில் சேர்த்துவிடலாமே என்றால் அதுவும் சரிவராது. கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். கரைசல் மட்டத்துக்கு மேலுள்ள பகுதி பாதி சூட்டில் நிற்கும், எத்தனை கிராம் உண்மையில் சூடேறியது என்று யாரும் சொல்ல முடியாது. வெப்பத்தை உறிஞ்சும் அகவெப்பத் தாக்கத்திலும் இதே கதைதான்: யூரியா கரையும்போது கண்ணாடி தன் வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ச்சியைக் குறைத்துக் காட்டும்.

செம்பு இதில் நேர்மையானது. 60 கிராம் கலோரிமானி பாகைக்கு 23 யூல் எடுக்கும், நன்றாகக் கடத்துவதால் முழுதும் ஒரே வெப்பநிலைக்கு வரும், திருத்தத்தை நம்பிச் சேர்க்கலாம். தொல்லை பராமரிப்பில். திருகோணமலைக் கடற்காற்றில் செம்பு விரைவில் கறுக்கும். அந்த ஒட்சைட்டுப் படை அமிலத்தில் கரைந்து அமிலத்தைக் கொஞ்சம் தின்னும், தானும் வெப்பம் விடும். கரைசலில் இலேசான பச்சை அல்லது நீலம் தெரிந்தால் அந்த வாசிப்பை எறிந்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் துலக்கி, வடித்த நீரில் கழுவி, துடைத்து உலர்த்தி மூடி வைத்தால்தான் செம்பு செம்பாக இருக்கும். எத்தனோலை எரித்துத் தகன வெப்பம் அளக்கும்போது மட்டும் செம்புக்கு மாற்றே இல்லை. சுவாலையில் ரெஜிபோம் உருகிவிடும்.

ரெஜிபோம் கோப்பை இரண்டு மூன்று கிராம்தான். பாகைக்கு 4 யூல், அதாவது கரைசல் எடுக்கும் 418இல் ஒரு வீதத்துக்கும் குறைவு. விட்டுவிட்டாலும் விடை கெடாது.

ஆனால் இலங்கையில் ரெஜிபோம் உணவுக் கோப்பைகள் 2017 முதல் தடை. வழி மீன்பெட்டியில் இருக்கிறது. ஐஸ் போட்டு மீன் அனுப்பும் ரெஜிபோம் பெட்டி உடைந்தால், அதன் தட்டுகளை ஒட்டி ஒரு கட்டியாக்கி, யோகட் கப் இறுக்கமாக இறங்கும் அளவுக்குக் குழி வெட்டுங்கள். பக்கங்களில் 3 சென்ரிமீற்றராவது இருக்கட்டும். மூடிக்கும் அதே தட்டு, வெப்பமானிக்கு ஒரு துளை, கலக்கிக்கு ஒரு துளை. பெட்டியை முதலில் கழுவி வெயிலில் காயவிடுங்கள்: மீன் நாற்றம் தாக்க வெப்பத்தை மாற்றாது, வகுப்பைக் காலியாக்கிவிடும். யோகட் கப் சிறிது, ஆகவே 25 உடன் 25 மில்லிலீற்றர்தான். வெப்பநிலை ஏற்றம் அதே 6.8 பாகை, ஆனால் கரைசல் பாதியானதால் கப்பின் பங்கு 2 வீதம் அளவுக்கு வரும். கப்பை நிறுத்து அந்தத் திருத்தத்தைச் சேர்ப்பது நல்லது.

எந்தப் பாத்திரமும் காப்பாற்றாத சில தவறுகள் உண்டு. 4 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டை 100 மில்லிலீற்றரில் கரைத்தால் கரைசலே 10 பாகை அளவு சூடேறும். முதல் நாளே கரைத்து இறுக மூடி வையுங்கள். திறந்து கிடந்த குறுணிகள் ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் பிடித்திருக்கும், நிறுத்த 4 கிராம் உண்மையில் 4 கிராம் அல்ல, ஆகவே நியமித்து (செறிவு தெரிந்த அமிலத்தோடு தாக்கவிட்டு) அறிந்த செறிவையே கணக்கில் எடுக்க வேண்டும். கலக்குமுன் இரண்டு கரைசல்களையும் ஒரே நீர்த்தொட்டியில் வைத்து ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் யன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு பாகைப் பிரிவுள்ள வெப்பமானியில் இரு வாசிப்புகளின் வழு சேர்ந்து 6.8இல் ஒரு பாகை வரை போகலாம், அதாவது 15 வீதம். 2 மோலார் கரைசல்கள் எடுத்தால் ஏற்றம் 13.6 பாகையாகி அந்த வழு பாதியாகும். மென்னமிலமான அசற்றிக் அமிலத்தின் பெறுமானம் இரண்டு கிலோயூல் அளவு குறைவு என்பதைக் காட்ட வேண்டுமென்றால் 0.1 பாகை வெப்பமானி இல்லாமல் முயலவே வேண்டாம்.

மெதுவாக நடக்கும் தாக்கங்களில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே ரெஜிபோமானாலும் 30 செக்கனுக்கு ஒருமுறை வாசித்து, வரைபில் குளிரும் கோட்டை, கரைசல்களைக் கலந்த நேரம் வரை பின்நீட்டித்தான் உச்ச வெப்பநிலையை எடுப்பேன். அசற்றோன் சேரும் சோதனை என்றால் ரெஜிபோமைப் பக்கத்திலும் வைக்காதீர்கள், கரைந்து சுருங்கிப் போகும்.