கீட்டோ என்ற பெயரில் வரும் பையை அப்படியே சம்ப்பில் கொட்டாதீர்கள்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், அதிலும் ரெஃப்யூஜியம் (மீன் விடாமல் பாசி வளர்க்கும் தனித் தடுப்பு) போட்டு நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் குறைக்கலாம் என்று நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆன்லைனில் "கீட்டோ + க்ரோ லைட் காம்போ" என்று ஒன்று ஓடுகிறது. கீட்டோ என்பது கீட்டோமார்ஃபா என்ற கடற்பாசி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளரும். அதைப் போடுவது சம்ப்பில், அதாவது மேல்தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில். நாங்கள் சிலர் சேர்ந்து வாங்கினோம், எல்லோர் பையிலும் ஒரே கோளாறு. விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு நாளைக்கு வேறு பெயரில் வரும், சரக்கை அடையாளம் கண்டுகொள்வதுதான் உபயோகம்.

விளம்பரத்தில் இருந்தது: சுத்தமான கீட்டோமார்ஃபா 200 கிராம், 50 வாட் ஃபுல் ஸ்பெக்ட்ரம் விளக்கு, ஒரே வாரத்தில் நைட்ரேட் ஜீரோ. மூன்றுமே பொய்.

முதலில் எடை. பையில் முக்கால்வாசி தண்ணீர். வடிகட்டி நிறுத்தால் பாசி 70 கிராம்தான், அதிலும் அடியில் கிடந்தது வெளுத்துப்போய் முட்டை நாற்றம் அடித்தது. கீட்டோவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அனுப்பத் தேவையே இல்லை. கடல்நீரில் நனைத்த டிஷ்யூவில் சுற்றி, ஜிப் பையில் கொஞ்சம் காற்றோடு வைத்தால் இரண்டு நாள் தாங்கும். கூரியர் வண்டியின் வெயிலில் வெந்துபோவது தேங்கிய தண்ணீரில் கிடக்கும் பாசிதான்.

அடுத்தது பாசியே. நிஜ கீட்டோவைக் கையில் எடுத்தால் தங்கூசி நரம்பைக் கசக்கிப் பிடித்த மாதிரி விறைப்பாக இருக்கும். ஒரு இழையைப் பிரித்து வெள்ளைத் தட்டில் வையுங்கள். கிளையே இருக்காது, நுனியிலிருந்து நுனிவரை ஒரே கனம். எதிலும் ஒட்டி வேர் பிடிக்காது, பந்தாக மிதக்கும். எங்களுக்கு வந்ததில் பாதி டெர்பீசியா என்ற வேறு பாசி. இது வழவழவென்று மெல்லியது, தண்ணீரை விட்டு எடுத்தால் துவண்டு விரலில் ஒட்டிக்கொள்ளும். இடையிடையே இறகு வடிவத்தில் பிரயாப்சிஸ் பாசி, கடுகளவு பச்சைக் குமிழ்களாக வலோனியா பாசி, ஒரு பையில் ஐப்டேசியா என்ற தொல்லை பிடித்த சின்ன கடல் அனிமோன் ஒன்று. கேட்டதற்கு வந்த பதில், "இது நம்ம ஊர் வெரைட்டி சார், தண்ணி செட் ஆனதும் டைட் ஆயிடும்." ஆகாது. டெர்பீசியா எந்தக் காலத்திலும் கீட்டோ ஆகாது.

இதைச் சம்ப்பில் போட்டால் என்ன நடக்கும்? பிரயாப்சிஸின் துணுக்கு ரிட்டர்ன் பம்ப் வழியாக மேல்தொட்டிக்குப் போகும், பாறையில் பிடித்துக்கொள்ளும், பிய்த்தால் விட்டுப்போன மிச்சத்திலிருந்து மறுபடி கிளைக்கும். இதற்குப் பலர் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து போடுகிறார்கள், லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கு. 300 லிட்டர் தண்ணீருக்கு 150 மில்லிகிராம் மாத்திரை பத்து. மருந்தை உறிஞ்சிவிடும் வடிகட்டிக் கார்பனை எடுத்துவிட வேண்டும், கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மரையும் யூவி விளக்கையும் நிறுத்த வேண்டும், காற்றுக்கல் ஓட வேண்டும். வலோனியாவை அது தொடாது, அதைக் குமிழ் உடையாமல் பாறையோடு வெளியே எடுத்துச் சுரண்டுவதுதான் வழி. ஆக, சில நூறு ரூபாய்ப் பாசிக்குப் பின்னால் மாதக்கணக்கில் வேலை.

சிலருக்குக் "கூடுதல் பரிசாக" காலெர்ப்பா என்ற இன்னொரு பாசி வந்தது. கொடிபோல் ஓடும் தண்டும், அதன் அடியில் வேர்போன்ற பிடிப்புகளும் தெரிந்தால் அதுதான். நன்றாகத்தான் வளரும். ஆனால் ஒருநாள் தன் உள்ளடக்கம் மொத்தத்தையும் இனப்பெருக்க செல்களாக நீரில் கொட்டிவிட்டுக் கண்ணாடிபோல் வெளுத்துச் செத்துவிடும். தண்ணீர் பச்சையாகக் கலங்கும், ஆக்சிஜன் விழும், அதுவரை உறிஞ்சியதெல்லாம் தொட்டிக்கே திரும்பும். கலிஃபோர்னியாவில் 2000-ல் ஒரு கடற்கழியில் காலெர்ப்பா டாக்ஸிஃபோலியா பிடித்துக்கொண்டு, ஒழித்துவிட்டோம் என்று அறிவிக்க 2006 ஆனது. எனவே வேண்டாத பாசியைக் கழிமுகத்திலோ கடற்கரையிலோ வீசாதீர்கள், மொட்டைமாடியில் சருகாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

"மண்டபம் ரெட் மேக்ரோ" என்று தனிப் பாக்கெட்டும் விற்கிறார்கள். அது கஞ்சிப் பாசி. உயிரோடு வந்தால் நல்ல வெளிச்சத்தில் பிழைக்கும், தப்பில்லை. கூடவே போடும் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசி பெரும்பாலும் அழுகித்தான் போகும். கவனிக்க வேண்டியது, அடியில் பவளத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்பது. கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. மாட்டினால் விற்றவரோடு வைத்திருப்பவருக்கும் வம்பு.

இனி விளக்கு. பெட்டியில் 50 வாட், பிளக் மீட்டரில் போட்டுப் பார்த்தால் 9 வாட். மீட்டர் பெரிய விலையில்லை, ஒன்று வாங்கி வையுங்கள். போனில் இருக்கும் லக்ஸ் ஆப் இதற்கு உதவாது, சிவப்பு நீல வெளிச்சத்தை அது குறைத்துக் காட்டும். கீட்டோ வளர 660 நானோமீட்டர் சுற்றிய சிவப்பும் 450 சுற்றிய நீலமும் வேண்டும், பாசியின் மேற்பரப்பில் பார் அளவு (பாசி பயன்படுத்தக்கூடிய வெளிச்சத்தின் அளவு) 150-க்கு மேல் இருந்தால் நல்லது. அதைவிடக் கோபம் வந்தது எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கையும், திறந்து கிடக்கும் முனைகளையும் பார்த்துத்தான். உப்புத் தூறல் படும் இடத்தில் இதை மாட்டச் சொல்கிறார்கள்! ஐபி65 (தூசியும் நீர்த்தெறிப்பும் புகாத தரம்) இல்லாத விளக்கைச் சம்ப்பின் மேல் தொங்கவிடாதீர்கள். தொட்டி லைனில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் பாசியை விட்டுவிட்டு முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

"ஒரு வாரத்தில் ஜீரோ" என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஈரப் பாசியில் உலர் எடை தோராயமாகப் பத்தில் ஒன்று, அதில் நைட்ரஜன் 2, 3 சதவீதம். அதாவது 100 கிராம் ஈரப் பாசியை அறுத்து வெளியே எடுத்தால் ஒரு கிராம் சொச்சம் நைட்ரேட் போகும். 300 லிட்டர் தண்ணீரில் அது ஏறக்குறைய 4 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 4 மில்லிகிராம். 40-லிருந்து 5-க்கு இறக்க, தினமும் போடும் தீனியைக் கணக்கில் சேர்க்காமலே, கிலோவுக்குப் பக்கமாக அறுக்க வேண்டும். 70 கிராம் பாசியும் 9 வாட் விளக்கும் வைத்து ஒரு வாரத்திலா? இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை. பாசி ஏறக்குறைய 20 பங்கு நைட்ரேட்டுக்கு ஒரு பங்கு பாஸ்பேட் என்றுதான் எடுக்கும். நைட்ரேட் தீர்ந்துவிட்டால் பாஸ்பேட் 0.5-ல் நின்றாலும் கீட்டோ வெளுத்துக் கரையும். அப்போது தேவை இன்னொரு "பூஸ்டர்" பாட்டில் இல்லை, நைட்ரேட் டோஸ்தான்.

வாங்கியே தீர்வதென்றால், பணம் போடும் முன் பகலில், தண்ணீருக்கு வெளியே ஒரு இழையைப் பிரித்துக் காட்டும் வீடியோ கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். உள்ளூரில் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் அறுத்துப்போடும் கைப்பிடி கீட்டோ இதைவிட எவ்வளவோ மேல், ஆனால் அவர் தொட்டியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வந்ததும் அதே உப்பளவுள்ள நீரில் பந்தை நன்றாக உதறி, வெள்ளைத் தட்டில் டார்ச் அடித்துப் பிரித்து, சந்தேகப்படும் இழை ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். பிறகு தனி வாளியில் சின்ன பம்ப், விளக்கு, 1.025 உப்படர்த்தி என்று இரண்டு மூன்று வாரம். ஆர்ஓ நீரில் ஒரு நிமிடம் முக்குவதை நம்பாதீர்கள், சில புழுக்கள் சாகும், பிரயாப்சிஸும் வலோனியாவும் சாகாது. சம்ப்புக்குப் போன பிறகு பந்து மெல்லப் புரள வேண்டும், 10 சென்டிமீட்டரைத் தாண்டித் தடித்தால் உள்ளே இருட்டு, அழுகல். மேல்தொட்டி விளக்கு அணைந்த பின் 12 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால் இரவில் பிஎச் விழுவதும் குறையும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன ரசீது, பை பிரித்த வீடியோ, வாட் மீட்டர் படம் நான்கையும் அழியாமல் வையுங்கள். எங்களிடம் "இரண்டு மணி நேரத்துக்குள் வீடியோ அனுப்பவில்லை" என்று சொல்லித்தான் ரீஃபண்ட் மறுத்தார்கள். அந்த விதி பாசி செத்து வந்ததற்குச் செல்லலாம், 50 வாட் என்று 9 வாட் கொடுத்ததற்குச் செல்லாது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.