ஒரு நிலுவைக் கடிதமும் மாமாவின் கடன்காரர்களும்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகள் தாமதமின்றி வந்தன, மட்டக்களப்பு ரயிலில் பதிவு செய்த ஆசனம் கிடைத்தது. ஆகவே அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மண்முனைத்துறையில் சைக்கிளோடு, வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைக்குக் காத்து நின்ற காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, 2014 இல் திறந்த பாலத்தின் மேலாக வாகனம் நிற்காமல் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குள் இறங்குவது இன்றும் புதினமாகத்தான் இருக்கும். நான் எழுத வந்தது வேறு விடயம். இறந்துபோன ஒரு விவசாயி தனக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க மறுத்து ஒரு கடன் நிறுவனம் காட்டிய பிடிவாதத்தைப் பற்றியது அது.

என் தாய்மாமன் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் வேளாண்மை செய்தவர். 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, நவம்பரில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டபோது, பெரும்போகத்துக்கு விதைத்தவர்களுக்கு அது காலம் கடந்த கருணையாகவே இருந்தது. அந்தப் போகத்தில் பட்ட கடனை அடுத்த போகத்துக் கடனால் அடைக்கத் தொடங்கிய மாமா, அந்தச் சுழற்சியை முடிக்காமலேயே போய்விட்டார். மூன்று ஏக்கர் உறுதிக்காணியின் (பத்திரமுள்ள சொந்தக் காணியின்) மீது ஒரு வங்கிக்கு ஈட்டு உறுதி, அதாவது அடமானப் பத்திரம், இருந்தது. நகைகள் அடைவில் (அடகில்) இருந்தன. நாலு சில்லு மெசின், அதாவது உழவு இயந்திரம், லீசிங்கில் எடுத்தது. ஒரு நிதி நிறுவனத்தில், அயலவர் இருவரைப் பிணை வைத்து, விவசாயக் கடன் எடுத்திருந்தார். உரக்கடையில் கொப்பிக் கணக்கு ஓடியது. இவற்றுக்கு மேலாக, தென்னந்தோட்டத்து உறுதியை ஒரு போடியாரிடம், அதாவது ஊரில் பெருங்காணிக்காரர் ஒருவரிடம், கொடுத்துவிட்டுக் கைமாற்றாக வாங்கிய பெருந்தொகையும் இருந்தது.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் வாசலில் கதிரைகள் நிரம்பின. ஊரில் கடன்காரர் வரிசை சத்தத்தைக் கொண்டுதான் அமைகிறது: முதலில் வந்தவர், உரக்கப் பேசுபவர், உறவு முறை சொல்லி மானத்தைத் தொடுபவர் என்ற ஒழுங்கில். போடியார் உறுதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொடையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “உறுதி என்ட கையில கிடக்கு மனே, மறுகா நான்தானே முதல் ஆள்” என்றார். அவருக்குப் பின்னால் நின்ற நிதி நிறுவனத்து வசூல்காரர், மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலேயே, மாமா தரவேண்டிய தொகையை ரூபாய் சதத்தோடு தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். மாமி உள்ளே போய்விட்டார். பிணை வைத்த இருவரும் வேலியோரம் தலையைக் குனிந்து நின்றார்கள்.

நான் வாழும் இலண்டனில் இப்படி ஒருவரும் வாசலுக்கு வருவதில்லை. மரணத்தைப் பதிவு செய்யும்போது ‘டெல் அஸ் வன்ஸ்’ என்ற சேவையில் ஒருமுறை சொல்லிவிட்டால், ஓய்வூதியம், வரி, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் முதலிய அரச பகுதிகளுக்கு அவர்களே அறிவித்துவிடுவார்கள். கடன்காரர்களுக்கு கசற் என்ற அரச அறிவித்தல் பத்திரத்தில் அறிவித்தல் போட்டு, குறைந்தது இரண்டு மாதம் பொறுத்திருந்து, வந்த கோரிக்கைகளைத் தீர்த்து மீதியைப் பங்கிட்டபின் தலைகாட்டுகிறவர், அறியாமல் பங்கிட்ட நிர்வாகியின் சட்டையைப் பிடிக்க முடியாது. இந்த ஒழுங்குக்குப் பழகிப்போன எனக்கு, முதற்காரியமாக ஒவ்வொரு கடன்காரரிடமும் எழுத்தில் நிலுவையைப் பெற்றுவிட வேண்டும் என்று தோன்றியது. தொகை தெரியாமல் வரிசை எப்படி வகுப்பது?

வங்கி தந்தது. அடைவுப் பகுதி ரிசீட்டைப் பார்த்து அப்போதே கணக்கிட்டுத் தந்தது. லீசிங் நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பியது. உரக்கடை முதலாளி கொப்பியையே தூக்கித் தந்து, “படம் எடுங்க தம்பி” என்றார். மறுத்தது நிதி நிறுவனம் மட்டுமே.

நகரத்துக் கிளை இலண்டன் கிளைகளைத் தோற்கடிக்கும் அழகில் இருந்தது. குளிரூட்டி, டோக்கன் இயந்திரம், மேசையில் டொபிக் கிண்ணம், கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். இறப்புச் சான்றிதழின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவர் மிகுந்த பணிவோடு சொன்னார்: “அங்கிள், வாடிக்கையாளருடைய விபரம் இரகசியம். அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் நாங்கள் குடுக்க ஏலாது.” அந்தச் சான்றிதழில் உள்ள பெயரும் வாடிக்கையாளரின் பெயரும் ஒன்றே என்பதைக் காட்டினேன். அவர் அதை வாசித்தார், வருத்தம் தெரிவித்தார், பிறகு அதே வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். மாமியே பக்கத்தில் இருந்தார். விவாகப் பதிவும் அடையாள அட்டையும் அவருடைய கைப்பைக்குள் இருந்தன. அவற்றை எடுக்கும்படி ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் ஊருக்கே கூவிச் சொன்ன தொகை கிளைக்குள் எப்படி இரகசியமாகிறது என்று முகாமையாளரிடம் கேட்டேன். வெளிக்களத்தில் வேலை செய்பவர்களுக்கு அறிவுரை வழங்கப்பட்டுள்ளதாகவும், கடிதம் தருவது தலைமையகத்தின் பொறுப்பு என்றும், விரும்பினால் அங்கேயே முழுத்தொகையையும் கட்டிவிடலாம், கட்டினால் ரிசீட்டு உடனே கிடைக்கும் என்றும் அவர் விளக்கினார். எவ்வளவு கட்டுவது என்றபோது ஒரு சிறு தாள் துண்டில் பென்சிலால் எழுதிக் காட்டிவிட்டு, அந்தத் துண்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டார். வாசலில் கேட்ட தொகைக்கும் பென்சில் தொகைக்கும் இடையில் ஒரு நல்ல எருமை மாட்டின் விலை இருந்தது. தலைமையகத் தொலைபேசி மூன்றாவது தொகை ஒன்றைச் சொன்னது. எனக்கு ஏறிய கோபத்தை இங்கே முழுதாக எழுதினால் பண்பாக இராது. மாமி டொபி ஒன்றைப் பேரனுக்காக எடுத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் மாறாக இருந்தது காணிப் பதிவகம். அங்கேதான் அலைச்சல் இருக்கும் என்று எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். விண்ணப்பத்தைக் கொடுத்துக் கட்டணத்தைக் கட்டியதும், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு எழுதுநர் மாமாவின் காணிக்குரிய ஏட்டைச் சுமந்துவந்து, பக்கத்தைத் திருப்பி, பதிவான திகதிகளின் கீழ் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். வங்கியின் ஈடு வயலில் பதிவாகியிருந்தது. தென்னந்தோட்டத்துப் பக்கத்தில் மாமாவுக்குக் காணி வந்த உறுதிக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. “வேற ஒண்டும் பதியல்ல தம்பி” என்றவர், மாமியைப் பார்த்து, “ஆரும் கடுதாசி நீட்டினா கையெழுத்து வெச்சிராதீங்க அக்கா” என்று சேர்த்தார். அந்த ஒரு வாக்கியத்தின் பெறுமதி எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விளக்கியவர் ஒரு இளம் சட்டத்தரணி. முதலில் வரிசைக்கே வராதவற்றை அவர் ஒதுக்கினார். லீசிங் மெசின் மாமாவின் சொத்தே அல்ல. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்படி அது குத்தகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் உடைமை, எனவே மற்றக் கடன்காரர் அதில் கண் வைக்க முடியாது. நவகிரிப் பக்கத்து இரண்டு ஏக்கர், அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் காக்கிறது: நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காகக்கூட அதைக் கைப்பற்றி விற்க முடியாது, பிரதேச செயலகத்தின் அனுமதியில்லாமல் எவருக்கும் எழுதிக் கொடுக்கவும் முடியாது, பின்னுரிமை முதலில் துணைவிக்கே போகிறது. வீடோ மாமியின் சீதனம். மட்டக்களப்பின் பழைய வழமையான முக்குவர் சட்டம் 1876 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தாலும், வீட்டைப் பெண்ணின் பெயருக்கு எழுதும் வழக்கத்தை நம்மவர்கள் விடவில்லை. அந்த வழக்கம் ஒரு விதவையின் தலைக்கு மேல் கூரையை நிறுத்தி வைத்ததை இம்முறை கண்ணால் கண்டேன்.

அடுத்து, பொருளைப் பிடித்து நிற்பவர்கள். அடைவு நகையில் அடைவு பிடித்தவருக்கே முதல் உரிமை, மிஞ்சுவது நம்முடையது. தங்கத்தின் விலை ஏறிய ஏற்றத்தில் கணிசமாகவே மிஞ்சியது. ஈடு வைத்த காணியில் வங்கி முதலாவது. ஒரே காணியில் பல ஈடுகள் இருந்தால், உறுதி எழுதிய திகதியை மட்டும் பார்க்கக்கூடாது, பதிவையும் பார்க்க வேண்டும். பதியாத உறுதி, பெறுமதி கொடுத்துப் பிறகு வாங்கிப் பதிந்தவருக்கு எதிராக நில்லாது. அடுத்த கிழமையே வங்கி பராட்டே ஏலம் (நீதிமன்றம் போகாமல் வங்கியே காணியை விற்பது) கூறிவிடும் என்று அயலார் மாமியைப் பயமுறுத்தியிருந்தார்கள். கடனின் மூலத்தொகை 50 இலட்சம் ரூபாய்க்குக் குறைவாயின் அந்த அதிகாரத்தை வங்கி பாவிக்க முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும் என்று சட்டத்தரணி சொன்னதும் மாமி அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தேநீர் குடித்தார்.

இந்த இடத்தில்தான் போடியாரின் பிளாஸ்டிக் உறை வெறும் உறையாகிறது. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணியில் ஈடு ஏற்படுவதற்கு உறுதி எழுத அதிகாரம் பெற்ற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். பழைய உறுதியைக் கையில் வைத்திருப்பது இலங்கையில் ஈடாகாது. வாசலில் முதற்கதிரையில் உட்கார்ந்தவர், மரணச் செலவும் நிர்வாகச் செலவும் கழிந்தபிறகு, உத்தரவாதமில்லாத மற்றவர்களோடு ஒரே படியில் நின்று, சொத்து போதாவிட்டால் விகிதப்படி வாங்கிக்கொள்ள வேண்டியவர். மாமியிடம் அவர் கையெழுத்துக் கேட்ட வெற்றுத் தாளின் நோக்கமும் அப்போது தெரிந்தது: எழுத்தில்லாத கடனுக்கு வழக்குப் போடக் காலாவதி மூன்று வருடம், எழுத்திலுள்ள வாக்குறுதிக்கு ஆறு, ஈட்டுக்குப் பத்து. வெற்றுத் தாளில் விழும் ஒரு கையெழுத்து பழைய கடனுக்குப் புதிய உயிர் கொடுக்கலாம், மாமியையே கடனாளியாக்கவும் செய்யலாம். வாரிசுகள் தங்களுக்கு வந்து சேரும் சொத்தின் அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்பதை அந்த வாசலில் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

நாடே 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, முறி என்ற கடன் பத்திரம் வைத்திருப்பவர், கடன் கொடுத்த நாடுகள் என்று ஆட்களைப் பிரித்து உட்கார வைத்துப் பேசியது. அதற்கு வெளிநாட்டு ஆலோசகர்கள் இருந்தார்கள். மாமிக்கு அந்த எழுதுநர் இருந்தார்.

காலாவதிச் சட்டத்தில் எனக்கு நெருடியது உரக்கடைக் கணக்கு. விற்றுக் கொடுத்த சரக்கின் கடைக் கணக்குக்கு ஒரு வருடம்தான் தவணை. கொப்பியில் பாதிக்கு மேல் அதைத் தாண்டியது. வேறு எவரும் ஒரு பை யூரியா கொடுக்காத நேரத்தில் கொடுத்தவர் அவர். மரண வீட்டுக்கு வந்து, கடைசிவரை நின்று, 31 ஆம் நாள் கிரியை முடியும்வரை பணம் என்ற சொல்லை எடுக்காதவரும் அவர்தான். இலண்டன் கசற்றில் இப்படியான ஆளுக்குப் பத்தி கிடையாது. சொத்திலிருந்து அவருக்கு முந்திக் கொடுத்தால் மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள் என்று சட்டத்தரணி எச்சரித்ததால், நானும் மச்சாளும் எங்கள் கைப்பணத்தில் தீர்த்தோம். அவர் கொப்பியில் கோடு போட்டு, பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

நிதி நிறுவனத்தின் கடிதம், சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்பே மாமாவின் கடன் தவணை அட்டையைத் தேடி எடுத்திருந்தோம். தவணைப் பெட்டிகளுக்குக் கீழே, கடன் கொடுத்த அன்றே கழித்த தொகைகளின் வரிசையில், “காப்.” என்று சுருக்கி எழுதி ஒரு தொகை இருந்தது. கடன் வாங்கியவர் இறந்தால் மீதியை ஈடுசெய்வதற்கான காப்புறுதிக் கட்டணம் அது. தலைமையகக் கடிதம் அதை ஒப்புக்கொண்டு, காப்புறுதிக் கோரிக்கைப் படிவத்தையும் இணைத்திருந்தது. கோரிக்கை தீரும்வரை பிணையாளிகளிடம் அறவிடுவதில்லை என்றும் எழுதியிருந்தது. இதைச் சொல்ல வேண்டிய இளைஞர் எங்களுக்கு இரகசியத்தைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார், இதை அறிந்திருக்க வேண்டிய வசூல்காரர் வேலியோரத்துப் பிணையாளிகளிடம் தவணை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கிளையில் டோக்கன் இயந்திரத்தைப் பராமரிக்கும் கவனத்தில் பாதியை அட்டையை வாசிப்பதில் செலவிட்டிருந்தால், பிணை வைத்த ஒருவர் தன் மனைவியின் காதணியை விற்றிருக்க மாட்டார்.

மாவட்ட நீதிமன்றத்தில், மாமாவின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் தரும் நிர்வாகப் பத்திரத்துக்கான வழக்கு போட்டாகிவிட்டது. மாமிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி என்ற பங்கு, கடன்களுக்குப் பிறகு மிஞ்சுவதில்தான். வங்கியோடு தவணை மாற்றிப் பேசுவதற்கு மச்சாள் நாள் எடுத்திருக்கிறாள். மெசினை லீசிங்காரர் கொண்டுபோய்விட்டார்கள். சிறுபோகத்துக்கு வாடகை மெசின்தான். தென்னந்தோட்டத்து உறுதியைத் திருப்பித் தரும்படி சட்டத்தரணி போடியாருக்கு அனுப்பிய பதிவுத் தபாலை, நான் விமானம் ஏறும்வரை, அவர் பொறுப்பெடுக்கவில்லை.