நீராவி எஞ்சினுக்கு விளக்கு போடக் கொடுத்து ஏமாந்தேன்: மூடி அனுப்பும் முன் உள்ளே ஒரு போட்டோ கேளுங்கள்

மாடல் ரயில் எஞ்சினில் விளக்கு போட்டுத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஆள் பெயரைப் போடப் போவதில்லை. அவர் ஒருவர்தான் இப்படிச் செய்கிறார் என்றும் நான் நினைக்கவில்லை.

என்னிடம் இருப்பது ஹெச்ஓ அளவு, அதாவது 1:87, நீராவி எஞ்சின். பழைய 12 வோல்ட் டிசி வண்டி, அதாவது தண்டவாளத்தில் வோல்ட் ஏற ஏற வேகம் ஏறும். ஓட்டம் அருமை, முகத்தில் மட்டும் வெளிச்சம் கிடையாது. எனக்கு சால்டரிங் வரும், ஆனால் ஸ்மோக்பாக்ஸ் (பாய்லரின் முன்முனை) கதவுக்கு மேல் நிற்கும் அந்தக் குட்டி விளக்குக்கூட்டைத் துளைக்கக் கை நடுங்கியது. அதனால்தான் வெளியே கொடுத்தேன்.

அவர் சொன்னது நாலு விஷயம். முன்விளக்கு வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் கலந்த வெள்ளை. எந்த வேகத்திலும் ஒரே வெளிச்சம். கரி எரியும் ஃபயர்பாக்ஸில் நெருப்பு மினுக்கும். பிற்பாடு டிசிசி டிகோடர் (டிஜிட்டல் கட்டளையில் வண்டியையும் விளக்கையும் இயக்கும் குட்டி சர்க்யூட்) போடுவதானால் வயரிங் அப்படியே பொருந்தும். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டார், கொடுத்தேன். அது என் முதல் தப்பு.

இரண்டு மாதம் இழுத்தடித்து ஒரு வீடியோ அனுப்பினார். எஞ்சின் மெதுவாக ஊர்ந்து வருகிறது, முன்விளக்கு பளீரென்று எரிகிறது. பார்த்ததும் மயங்கிவிட்டேன். "பிரமாதம் சார்" என்று பதில்கூடப் போட்டேன்.

வண்டி கைக்கு வந்தது. முதல் சுற்று மெதுவாக ஓட்டினேன், சரியாகத்தான் இருந்தது. வார்ம் ஒயிட் என்று சொல்லி நீலம் பாய்ந்த வெள்ளையைப் போட்டிருந்தார், அதையும் பொறுத்துக்கொண்டேன். (நிஜ எஞ்சின்களில் முதலில் எண்ணெய் விளக்கு. பிறகு பாய்லர் மேல் உட்கார்ந்த சின்ன டர்போ ஜெனரேட்டர் மின்விளக்கை எரிய வைத்தது. அதுவும் இழை பல்புதான், வெளிச்சம் மஞ்சள்தான். நீல வெள்ளை வெளிச்சத்தோடு வரும் நீராவி எஞ்சின், வேட்டி கட்டிக்கொண்டு ஸ்கேட்டிங் போன மாதிரி.) அப்புறம் கன்ட்ரோலரை முழுசாகத் திருப்பினேன். விளக்கு ஒரு நொடி இன்னும் பளிச்சென்று ஆனது, உடனே அணைந்தது. லேசாகக் கருகல் வாடை. அவ்வளவுதான்.

அவரிடம் கேட்டால், "உங்க கன்ட்ரோலர் சரியில்ல சார்" என்றார். அதே கன்ட்ரோலரில் வேறு வண்டிகள் வருஷக்கணக்காக ஓடுகின்றன என்றேன். பதில் இல்லை. சரி, திறந்து பார்த்துவிடலாம் என்று பாடியைக் கழற்றினேன்.

உள்ளே எல்இடிக்கு முன்னால், கரன்ட்டை மட்டுப்படுத்த, ஒரே ஒரு கால் வாட் ரெசிஸ்டர். மதிப்பைச் சொல்லும் வண்ணப் பட்டைகளைப் படித்தேன்: பழுப்பு, கறுப்பு, பழுப்பு. 100 ஓம். பக்கத்துப் பிளாஸ்டிக் சூட்டில் இளகிப் பள்ளமாகியிருந்தது.

கணக்கு ரொம்ப சுலபம். வெள்ளை எல்இடி தனக்கு 3 வோல்ட் போல எடுத்துக்கொள்ளும். தண்டவாளத்தில் 12 வோல்ட் என்றால் மிச்சம் 9. அதை 100 ஓமால் வகுத்தால் 90 மில்லிஆம்பியர். இந்தச் சின்ன எல்இடிகள் 20 மில்லிஆம்பியர் வரைதான் தாங்கும். மாடல் விளக்குக்கு 5 இருந்தாலே கண்ணுக்குத் தாராளம். ரெசிஸ்டரில் மட்டும் 0.8 வாட் சூடு, அதாவது அது தாங்கக்கூடியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். போட வேண்டியது 1800 ஓம்: பழுப்பு, சாம்பல், சிவப்பு. இரண்டுக்கும் விலையில் ஒரு வித்தியாசமும் கிடையாது!

பிறகு ஏன் 100 ஓம்? ரொம்ப நேரம் யோசித்தேன். வீடியோவில் எஞ்சின் ஊர்ந்ததே, அப்போது தண்டவாளத்தில் 5 வோல்ட் இருந்திருக்கும். 5 வோல்ட்டில் 100 ஓம் சரியாக 20 மில்லிஆம்பியர் தரும், விளக்கு ஜொலிக்கும். 1800 ஓம் போட்டிருந்தால் ஒரு மில்லிஆம்பியர்தான், வீடியோவில் மங்கலாகத் தெரியும். தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அந்த வீடியோவில் வண்டி ஒரு தடவைகூட வேகம் எடுக்கவில்லை, ஒரு தடவைகூடப் பின்னால் போகவில்லை.

பின்னால் போவதும் முக்கியம். டிசியில் திசை மாறினால் மின்சாரமும் தலைகீழாகும். பெரும்பாலான எல்இடிகளுக்கு எதிர்த்திசையில் 5 வோல்ட்தான் எல்லை என்று டேட்டாஷீட்டிலேயே போட்டிருக்கும். அதனால் கரன்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு டையோடாவது, இல்லை எந்தத் திசையில் வந்தாலும் ஒரே திசையாக்கித் தரும் பிரிட்ஜ் ரெக்டிஃபயராவது வேண்டும். இரண்டும் இல்லை. "எந்த வேகத்திலும் ஒரே வெளிச்சம்" என்பதற்கான சர்க்யூட்டும் இல்லை.

எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்கியது அடுத்ததைப் பார்த்தபோதுதான். எல்இடியின் ஒரு காலை வண்டியின் உலோக அடிச்சட்டமான சேஸிஸில் நேராக ஈயம் வைத்திருந்தார். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒரு முனையை அந்தக் காலிலும், இன்னொன்றை இடப்பக்கச் சக்கரத்திலும் வைத்தேன். பீப். அதாவது அந்தக் கால் நேராகத் தண்டவாளத்தோடு பேசுகிறது. டிசியில் இது ஓடும், பழைய வண்டிகளில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் டிகோடரில் நீல வயர் விளக்குகளுக்கான பொது பிளஸ், வெள்ளை வயர் முன்விளக்கு. இரண்டில் எதுவும் சேஸிஸைத் தொடவே கூடாது. அவர் பேச்சை நம்பி டிகோடரை இணைத்திருந்தால் டிகோடரே போயிருக்கலாம்.

மற்றதெல்லாம் சில்லறை. ஃபயர்பாக்ஸ் "நெருப்பு" ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு சிவப்பு எல்இடி. சூப்பர் குளூ ஆவி பட்டு ஸ்மோக்பாக்ஸின் கறுப்புப் பெயின்ட் மேல் வெள்ளைப் படலம். டெண்டருக்கு (எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) போன வயர் அவ்வளவு விறைப்பு, வளைவில் டெண்டர் சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. இரண்டு திருகுகளைக் காணோம்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். "பாடியைத் திறந்தீங்களா? அப்ப கேரண்டி போச்சு" என்று ஒரு வரி. அதன்பின் என்னை பிளாக் செய்துவிட்டார். பணம் போனது போனதுதான்.

உங்கள் வண்டி இப்போது யாரிடமாவது இருந்தால், பாடியை மூடும் முன் உள்பக்கப் போட்டோ கேளுங்கள், ரெசிஸ்டர் பட்டை தெரிகிற மாதிரி. வீடியோ கேட்டால் முழு வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டி எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை ஓம் என்று கேட்டதும் பேச்சை மாற்றுகிறார் என்றால் வண்டியைத் திரும்ப வாங்கிவிடுங்கள். வெறும் டிசியில், வண்டி நின்ற பிறகும் விளக்கு எரியும் என்று ஒருவர் சொன்னால், மின்சாரத்தை எங்கே சேமிக்கிறார் என்று கேளுங்கள்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். டெண்டருக்குள் பிரிட்ஜ் ரெக்டிஃபயர், 1800 ஓம், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள (0402 என்ற அளவு) வார்ம் ஒயிட் எல்இடி, முடி மாதிரி எனாமல் வயர். விளக்குக்கூட்டின் உள்சுவரில் கறுப்பு அடிக்காமல் மாட்டியதால் கூடு முழுக்க மின்மினிப் பூச்சி மாதிரி ஒளிர்ந்தது; கழற்றி இரண்டு கோட் அடித்தேன். வேகத்தோடு வெளிச்சம் கொஞ்சம் ஏறி இறங்கும், நின்றால் அணையும். இரண்டு வாரமாக எரிகிறது. டெண்டர் மூடி மட்டும் இன்னும் டேப்பில்தான் நிற்கிறது, அந்த அளவில் திருகு கிடைக்கவில்லை.