கவனிப்புக்கு முழு மார்க், பில்லுக்கு இல்லை: காரைக்குடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம்

எங்கள் ஆத்தாவைக் காரைக்குடிக்கு வெளியே உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. பில் விஷயமாக நிர்வாகத்தோடு இன்னும் பேசிக்கொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் பெற்றவர்களை ஊரில் விட்டுவிட்டுச் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் பலருக்கும் இதே கணக்குதான் வரும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் சொரசொரப்பான டைல்ஸ், இரண்டு பக்கமும் கைப்பிடி, வாசலில் படியே கிடையாது. இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்பவர்கள், இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை நம் ஊர் வீட்டில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு நிலைப்படியாகத் தாண்டிக் கழிப்பறைக்குப் பின்கட்டுக்குப் போக வேண்டும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரம் பட்டால் நமக்கே வழுக்கும். இங்கே பகலில் இருக்கும் பெண் மாத்திரை கொடுக்கிற விதத்தை நின்று பார்த்தேன். உள்ளங்கையில் வைத்து, “ஆச்சி, இது பிரஷருக்கு, இது சுகருக்கு” என்று ஒவ்வொன்றாகக் காட்டி, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, அப்புறம்தான் நோட்டில் டிக் போடுகிறார். வீட்டில் நாங்களே இவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை. சாப்பாடு பரவாயில்லை, உப்பும் காரமும் மட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பணியாரம் உண்டு. இரவில் மாடி முழுவதற்கும் ஒரே ஆள்தான், மணி அடித்தால் வர நேரமாகிறது. அதைச் சரி செய்ய வேண்டும்.

இனி பணம். சேரும்போது மாதம் 22,000 என்றார்கள், முன்பணம் ஒன்றரை லட்சம். ஆத்தா பெயரில் தபால் நிலையத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டிருக்கிறோம். 2023 ஏப்ரலில்தான் அதன் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு 61,500, அதாவது மாதம் 20,500 வருகிறது. மிச்சத்தை நானும் தம்பியும் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

சில மாதத்தில் ஆத்தாவால் தனியாகக் குளிக்க முடியாமல் போனது. அடுத்த பில்லிலேயே “உதவி தேவைப்படுவோர்” பிரிவு, மாதம் 30,000. டயப்பர் தனி, பிசியோதெரபி தனி, மதுரைக்கு செக்கப்புக்குப் போனால் வண்டியும் கூட வருகிற ஆளும் தனி. எல்லாம் சேர்த்து 38,000-ஐத் தொடுகிறது, வட்டி வருவது அதே 20,500. பிரிவை மாற்றலாம் என்று யார் முடிவு செய்தது, டாக்டர் பார்த்தாரா என்று கேட்டேன், பொறுப்பு நர்ஸ் சொன்னார் என்றார்கள். படுத்த படுக்கையானால் எவ்வளவு என்றதற்கு, “அப்போ பார்த்துக்கலாம் சார்” என்று பதில். என் பெரிய குறையே இதுதான். வந்து சேர்கிற வயதானவர்களில் பெரும்பாலோருக்கு உதவி கூடிக்கொண்டேதான் போகும், அது நடத்துகிறவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். மூன்று நிலைக்கும் உள்ள கட்டணத்தை ஒரே தாளில் எழுதி முதல் நாளே கொடுத்துவிட வேண்டியதுதானே?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். ஆத்தாவின் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்குப் பாலிசி பணம் கொடுத்தது உண்மை. அதற்கப்புறம் குளிப்பாட்டுவதற்கும் ஊட்டுவதற்கும் புரட்டிப் படுக்க வைப்பதற்கும் ஆகிற செலவுக்கு ஒரு பைசா வராது. 70 வயது தாண்டியவர்களுக்காக மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 5 லட்சம் காப்பீடும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான்.

வீட்டை வைத்துப் பணம் வாங்கலாமே என்று ஒருவர் கேட்டார். 60 வயதுக்கு மேல் சொந்த வீட்டைக் காட்டி வங்கியில் மாதா மாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் 2007-இலிருந்து இருக்கிறது. வீடு அவர் பெயரில் இருக்க வேண்டும், அவர் அதில்தான் குடியிருக்கவும் வேண்டும். நம் வளவு வீடுகளில் எத்தனை பங்காளி, அவர்களில் எத்தனை பேர் எந்தெந்த நாட்டில்! பல கோடி பெறும் வீடு ஊரில் நிற்கும், அதிலிருந்து ஆத்தாவின் ஒரு மாத டயப்பருக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

ஜிஎஸ்டியையும் கேட்டுக்கொள்ளுங்கள். வருமான வரிச் சட்டப்படி பதிவு செய்த அறக்கட்டளை நடத்தும் இல்லமாக இருந்தால், தங்கல், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 வரை உள்ள கட்டணத்துக்கு 60 வயது நிரம்பியவர்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. எங்களது தனியார் இல்லம், அந்தச் சலுகை இல்லை.

வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிகிறவர்கள் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். பிரஷர், சுகர் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும், செலவில்லை. இல்லம் தேடுகிறவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டும் விசாரிக்கலாம்.

ஆத்தாவை வேறு இடத்துக்கு மாற்றப் போவதில்லை, அந்த மாத்திரை கொடுக்கும் பெண்ணுக்காகவே. முன்பணத்தில் வருடா வருடம் ஏதாவது கழிக்கிறார்களா, மூன்றாம் பிரிவுக்கு என்ன கட்டணம் என்று எழுத்தில் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன்.