ஓபன்சிம்: கணுக்கால் வரை நம்பலாம், பாதத்துக்கு யோசிக்கணும்

மனித நடையைக் கணினியில் மாதிரியாக்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது ஓபன்சிம் என்ற மென்பொருளைத்தான். ஸ்டான்ஃபோர்டில் ஸ்காட் டெல்ப் குழுவினர் 2007இல் கொண்டுவந்தது. காசு கிடையாது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது, பைத்தானிலிருந்தோ மேட்லேபிலிருந்தோ இயக்கிக்கொள்ளலாம். கட்டண மென்பொருளுக்கு வழியில்லாத கல்லூரி ஆய்வகங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கூடவே வரும் மாதிரிகளில் பாதம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமலே பாதத்தைப் பற்றி முடிவு எழுதுகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதோடு வரும் கெய்ட்2392 என்ற கால் மாதிரியைத் திறந்து பாதத்தைப் பெரிதாக்குங்கள். எலும்புகளெல்லாம் அழகாக வரைந்திருக்கும். நிஜப் பாதத்தில் 26 எலும்புகள். இதில் தனித்தனியாக அசைவதோ மூன்றே துண்டுகள். கணுக்கால் மூட்டில் இருக்கும் தாலஸ் எலும்பு ஒன்று, குதிகாலில் தொடங்கி விரல்களின் அடி வரை ஒரே கட்டையாக ஒன்று, அப்புறம் ஐந்து விரல்களும் சேர்ந்த ஒன்று. விரல் மூட்டின் ஸ்லைடரை இழுத்தால் ஐந்து விரலும் ஒன்றாக எழும், உள்ளங்கால் வளைவு அசையாது. இப்போது உங்கள் காலைத் தரையில் ஊன்றி, பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். வளைவு உயர்வது கண்ணுக்கே தெரியும். உள்ளங்காலில் ஓடும் பிளான்டார் ஃபேசியா என்ற பட்டைத் திசு இறுகிக் குதிகாலை முன்னால் இழுப்பதால் நடப்பது அது, 1954லேயே ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கிவிட்டார். மாதிரியில் அந்தத் திசு இல்லை, பாதத்துக்குள்ளேயே தொடங்கி முடியும் சிறு தசைகளும் இல்லை.

இதனால் என்ன ஆகும் என்றால், காலைத் தள்ளி எழும்பும்போது நடுப்பாதத்தில் நடக்கும் அசைவும் கணுக்கால் கணக்கில் சேர்ந்துவிடும், கணுக்காலின் பவர் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இடுப்பு, முழங்கால், கணுக்கால் திருப்புவிசை (மூட்டைச் சுழற்றும் விசை) என்று வந்தால் ஓபன்சிம் அருமை. ஆளின் அளவுக்கு மாதிரியைப் பொருத்துவது, உடலில் ஒட்டும் அடையாளப் புள்ளிகளான மார்க்கர்களிலிருந்து மூட்டுக் கோணம் எடுப்பது, கால் தரையில் ஊன்றும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டின் தரவோடு சேர்த்துத் திருப்புவிசை கணக்கிடுவது, எல்லாமே படிப்படியாக, ஒவ்வொரு படியையும் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கிறது. மார்க்கர் பிழை எவ்வளவு வரை பரவாயில்லை என்பதைக்கூட அவர்களின் கையேடே சொல்லிவிடுகிறது. 2016இல் வந்த ராஜகோபால் மாதிரியில் கால் தசைகள் இன்னும் நன்றாக இருக்கின்றன, பாதம் மட்டும் ஏறக்குறைய பழையபடிதான். பல எடுத்துக்காட்டுகளில் தாலஸுக்குக் கீழுள்ள மூட்டையும் விரல் மூட்டையும் பூட்டியே வைத்திருப்பார்கள், அதனால் ஓட்டுவதற்கு முன் பூட்டுச் சின்னத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தட்டைப் பாதம், ஷூ இன்சோல், குதிகால் வலி என்று ஆராய்கிறவர்கள் நடுப்பாத மூட்டு சேர்த்த மாதிரியைத்தான் எடுக்க வேண்டும். வேலை கூடும். பாதத்தில் மார்க்கர்கள் அதிகம் ஒட்ட வேண்டும், பெரும்பாலும் வெறுங்காலில்தான் நடக்கவிட முடியும். தவிர, ஃபோர்ஸ் பிளேட் முழுப் பாதத்துக்கும் சேர்த்து ஒரே விசையைத்தான் தரும், அதைக் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பிரிக்க அழுத்தம் அளக்கும் பலகையும் வேண்டியிருக்கும். அந்த வசதி இருந்தால் தாராளமாக இறங்குங்கள், இல்லையென்றால் கேள்வியைக் கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.